முதற்பலன் சாம்பார்

அத்தியாயம் 9

வாசகப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு மிக முக்கியமான ஓர் அறிவிப்பு. நவம்பர் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, ஆரம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு மேற்கே ஒரு மொட்டை மாடியில் யுத்தம் மூண்டது. சரித்திரத்தின் பெரிய யுத்தங்களெல்லாம் மண்ணுக்காக நடந்தவை. இதுவும் மண்ணுக்காகத்தான். பாதியாக அறுத்த பன்னிரண்டு டிரம்களில் இருந்த மண்.

சென்ற வாரம் எங்கே விட்டோம் என்பதை மறந்தவர்களுக்காக: பீட்டரின் தட்டிலிருந்த தோசை மேல் கூரைக் காரை பெயர்ந்து விழுந்தது. அவன் கையைக்கூடக் கழுவாமல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு படியேறினான்.

மேலே நின்றிருந்தவர் அவனுடைய அண்ணன் பாக்கியராஜ். வயது ஐம்பத்து மூன்று. கீழ் வீடு அவருக்கும் மனைவி ரோசம்மாளுக்கும். மாடி வீடு பீட்டருக்கும் அவன் மனைவி கிறிஸ்டினாவுக்கும். மாடி வீட்டின் தலைமேல் அண்ணனின் தோட்டம். அந்தத் தோட்டத்தின் டிரம்கள் தம்பி தன் குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றி வந்து அன்போடு கொடுத்தவை. அந்த டிரம்களுக்கு ஊற்றிய தண்ணீர் மூன்று மாதமாகத் தம்பியின் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. அன்பு எந்த வழியாகவாவது திரும்பி வந்துவிடும்.

பாக்கியராஜ் அந்நேரம் மாடிக்கு வந்தது ஒரு போர்டில் நாள் எண்ணிக்கையை மாற்றுவதற்கு. சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு உண்டு. அதில் தினமும் சாக்பீஸால் எண் போடுவது பாதுகாப்புக் கமிட்டி உறுப்பினரான அவருடைய வேலை. பதவி ருசி பொல்லாதது. அதே போல ஒன்றை மாடியிலும் மாட்டிவிட்டார். 'இத்தோட்டத்தில் விபத்தில்லா நாட்கள்'. 117-ஐ அழித்து 118 எழுதி, எட்டின் கீழ் வட்டத்தை மூடும் நேரத்தில் கடப்பாரை வந்தது.

போர்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டேங்கின் சுவரில் 'முதல் பருவப் பாடங்கள்' என்ற தலைப்பில் பெயிண்டால் எழுதியிருந்தார். 'ஏரி மண்ணை அப்படியே டிரம்மில் கொட்டக்கூடாது' என்பது முதல் பாடம். கொட்டித்தான் கற்றுக்கொண்டார். ஆடி வெயிலில் அந்த மண் கான்கிரீட்டாகிவிட, அதைக் கொத்திவிடத்தான் மேற்படி கடப்பாரையே வாங்கப்பட்டது. இரண்டாவது, 'டிரம்மின் அடியில் ஓட்டை போட வேண்டும்.' போடாததில் முதல் நடவுத் தக்காளி வேர் அழுகிச் செத்தது. அந்த வேகத்தில் டிரம்முக்குப் பத்து ஓட்டை போட்டார். ஓட்டையில் இறங்குகிற தண்ணீர் எங்கே போகும் என்பது மூன்றாம் பாடமாக இருந்திருக்க வேண்டும். அதை அவர் எழுதவில்லை. பீட்டரின் கூரையில் அது தானாகவே எழுதிக்கொண்டது.

"யண்ணா, தள்ளிக்கோ."

"இன்னாடா இது? மொதல்ல செருப்பக் கழட்டு. இது தோட்டம்."

"தோட்டமா? இது என் ஊட்டுக் கூரை! தோசைல காரை வுழுது. இன்னிக்கி உன் டிரம்மு ஒண்ணுகூட நிக்காது."

"இன்னிக்கி அறுப்பின் பண்டிகைடா. சர்ச்சுக்குப் போற நாளு."

"போறதுக்கு முன்னாடி அறுத்துட்டுப் போறேன்."

கடப்பாரையை ஓங்கி வெண்டைக்காய் டிரம்மில் அடித்தான். பிளாஸ்டிக் டிரம் அவ்வளவு லேசில் உடையாது. கடப்பாரை துள்ளித் திரும்பி அவன் முழங்கால் முட்டியிலேயே இறங்கியது. வலியில் வெறி ஏறியது. டிரம்மை எட்டி உதைத்துக் கவிழ்த்தான். பாத்திரத்தில் வைத்த கேக் மாதிரி மண் ஒரே கட்டியாக வெளியே வந்து விழுந்தது. ஒரு பொடிகூட உதிரவில்லை. முதல் பாடத்துக்கு அதைவிட நல்ல நிரூபணம் கிடைக்காது.

பாக்கியராஜ் பாகற்கொடிக்கு நட்டிருந்த மூங்கில் கழியைப் பிடுங்கினார். பன்னிரண்டாண்டுகளாகத் தொழிற்சாலையில் 'கோபத்தில் கருவியைத் தொடாதே' என்று வகுப்பெடுத்தவர் அவர். கழி பீட்டரின் புருவத்தில் இறங்கியது. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது.

"அடிச்சிட்டியா? என்னயே அடிச்சிட்டியா?"

"என் செடிய உதைக்கிறியே, அது உனுக்கு உசிரா தெரியலியா?"

"செடியா? உன் செடில காய்க்கறதெல்லாம் ஒரு காயா? எங்க ஊட்ல கிறிஸ்டினா மார்க்கெட்லேந்து வாங்கியாந்து வெக்கிற கத்திரிக்கா கொழம்ப வந்து துன்னு பாரு, காயின்னா இன்னான்னு தெரியும்!"

அது பாக்கியராஜுக்கு எங்கே பட்டதோ, கழியைப் போட்டுவிட்டுத் தம்பியின் கழுத்தைப் பிடித்தார். இருவரும் தக்காளி டிரம்மின் மேல் விழுந்து உருண்டார்கள். பீட்டர் அண்ணனின் முன்கையைக் கடித்தான். அண்ணன் தம்பியின் காதைத் திருகினார். எழுந்தபோது பீட்டரின் கையில் கடப்பாரை இருந்தது. அதைக் குறுக்கே பிடித்து அண்ணனின் தொண்டையில் வைத்து, கைப்பிடிச் சுவர் வரை தள்ளிக்கொண்டு போய்ச் சாய்த்தான். பாக்கியராஜின் தலை சுவருக்கு வெளியே தொங்கியது. கீழே இருபத்திரண்டு அடி. அதற்குக் கீழே கருங்கல் சல்லி.

"பீட்டரு! வுடுறா அவர!"

படிவாசலில் ரோசம்மாள். பட்டுப்புடவை, இடுப்பில் துணி மூடிய கூடை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, மூலையிலிருந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினாள். அதில் பாக்கியராஜ் செடிகளுக்கென்று மீன் கழிவையும் வெல்லத்தையும் போட்டு நாற்பது நாள் ஊற வைத்திருந்த மீன் அமிலம். இரண்டு பேர் தலையிலும் சரிசமமாக ஊற்றினாள்.

உலகில் எத்தனையோ சமாதான ஒப்பந்தங்கள் உண்டு. இவ்வளவு வேகமாகக் கையெழுத்தானது வேறில்லை. இருவரும் விலகி, குனிந்து, குமட்டினார்கள்.

"தம்பி, நீ போய் புருவத்துக்குத் தையல் போட்டுக்கோ. யோவ், நீ குளிச்சிட்டு வா. ஏழரைக்குக் கெளம்பணும்."

பீட்டர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினான். பாக்கியராஜ் தொண்டையைத் தடவியபடி போர்டைப் பார்த்தார். 118 அப்படியேதான் இருந்தது. அவர் அதை மாற்றவில்லை.

*

மூன்று முறை சோப்புப் போட்டும் மீன் வாடை போகவில்லை. அந்த வாடையோடே பைக்கை ஓட்டினார். பின்னால் ரோசம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது, எண்ணி மாளாத பெட்டிகளோடு.

"இந்தக் கத்திரிக்கா எல்லாம் ஒரே சைசுல கீதே."

"நல்ல வெத."

"கூடைக்கு அடியில கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டுப் பை கீது. அதுவும் அந்த வெதைல மொளச்சதுதானா?"

பாக்கியராஜ் வண்டியை அணைத்தார். கூட்ஸ் போகட்டும் என்று காத்திருந்தார். அது போகிற மாதிரி தெரியவில்லை.

"காய்ச்சிது ரோசி. சத்தியமா காய்ச்சிது. சாயங்காலம் எண்ணினா இருவது, இருவத்தஞ்சு இருக்கும். காலைல போனா வெறும் காம்பு. ரெண்டு மாசமா இதே கதை. அணிலு."

"அணிலு காம்ப வுட்டுட்டு காய மட்டுமா துன்னும்? அவ்ளோ நாகரிகமான அணிலா?"

"வேற யாரு? விடு. நேத்து சாயங்காலம் மார்க்கெட்ல எட்டு கிலோ வாங்கினேன்."

"மாடில காய்க்கலேன்னு சொல்லிட்டுப் போறது. இதுல இன்னா வந்துச்சு?"

அறுப்பின் பண்டிகையன்று அந்தச் சபையில் ஒவ்வொரு குடும்பமும் தன் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சமைத்து அன்பின் விருந்து. நிலம் இருப்பவர் நெற்கதிர் வைப்பார். நிலம் இல்லாதவர் கடையில் வாங்கிய எதையாவது வைப்பார். பாக்கியராஜ் வீட்டு முதற்பலன் வருடம் தவறாமல் மார்க்கெட் பூசணிக்காய்.

"அந்த ஜோஷ்வா வருஷா வருஷம் பூசணிய தட்டிப் பாத்து, 'இது உன் எந்த வயல்ல வெளஞ்சது பாக்கியம்?'னு கேக்குறான். கூட இருக்கறவன்லாம் சிரிக்கறான். எங்க தாத்தா அவன் தாத்தா நெலத்துலதான் நாத்து நட்டாரு. நட்டவரு இவரு. முதற்பலன்னு தூக்கினு போய் வெச்சவங்க அவங்க. ஒரே ஒரு வருஷம், நம்ம கையால வெளஞ்சதுன்னு ஒண்ணு வெக்கணும்."

"இதுவும் மார்க்கெட்டுதானே?"

"அது உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும்."

கேட் திறந்தது. ரோசம்மாள் மார்க்கெட்டுப் பையை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"சரி. என் வாயால வராது. ஆனா உன்னால பேஜாரு வந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல."

*

பீட்டர் புருவத்தில் நாலு தையலோடு பதினொன்றரைக்குத் திரும்பினான். சர்ச்சுக்குப் போகவில்லை. பாதியில் விட்ட வேலையை முடிக்க மாடிக்குப் போனான்.

தன் ரத்தத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவும்போதுதான் அதைப் பார்த்தான். பாக்கியராஜ் எல்லா டிரம்முக்கும் அழகுக்காகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். வெண்டைக்காய் டிரம்மில் கடப்பாரை பட்ட இடத்தில் பச்சை பாளமாக உரிந்திருந்தது. உள்ளே ஒரு பழைய லேபிள். லேபிளில் ஒரு மண்டை ஓடு. அதன் கீழ் குறுக்காக இரண்டு எலும்பு.

ஐம்பதடி தூரத்தில் நின்ற டிரம்மில் அந்தப் படத்தைப் பார்த்தால் விசில் ஊதி மொத்த ஷிப்டையும் வெளியேற்றக்கூடியவர் பாக்கியராஜ். அவரேதான் அதன் மேல் பிரஷ்ஷை ஓட்டியிருக்கிறார். அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை என்பது பிற்பாடு அவர் தரப்பில் சொல்லப்பட்டது.

பீட்டருக்கு முதலில் வந்தது பயம். டிரம்மைக் கொண்டுவந்தது அவன்தானே. பழைய டிரம் குடோனில், 'கழுவின சரக்குப்பா' என்று சொன்னான் ஒருவன். இவனும் வீட்டில் ஒரு தடவை சோப்புத்தூள் போட்டுக் கழுவினான். பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று வந்தது. அதை மகிழ்ச்சி என்று எழுதினால் வாசகர்கள் அவனைத் தப்பாக நினைப்பார்கள். அண்ணனைப் பிடிக்க வசமாக ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம்.

கிறிஸ்டினா டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"இங்க பாருமே. மண்ட ஓடு. இதுல வெளஞ்சதத்தான் உங்க மாமா கூடைல கொண்டு போய் ஊருக்கே சாம்பார் வெக்கறாரு!"

கிறிஸ்டினா லேபிளைப் பார்த்தாள். "இந்த ஒரு டிரம்முலதானா?"

"இன்னா?"

"கத்திரி வெச்ச டிரம்முலயும் கீதா?"

பீட்டர் கடப்பாரையின் முனையால் கத்தரி டிரம்மின் பெயிண்டைச் சுரண்டினான். பச்சை உரிந்தது. மண்டை ஓடு பல்லைக் காட்டியது.

டீ டம்ளர் கீழே விழுந்தது. கிறிஸ்டினா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாமே, காலைல என் மூஞ்சில ரத்தத்தப் பாத்தப்பகூட நீ இப்பிடி ஆவலியே."

"இன்னாங்க, போவாதீங்க. செத்த இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

"வந்து கேக்கறேன். அங்க ஊரே துன்னுகினு இருக்கும்!"

கத்தரிச் செடியை மண்ணோடு கவிழ்த்துவிட்டு, காலி டிரம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினான். குட்டியானை அலறிக்கொண்டு கிளம்பியது.

*

சர்ச்சில் அன்று பாக்கியராஜின் பொற்காலம் நடந்துகொண்டிருந்தது.

எட்டு கிலோ கத்தரிக்காய் பீடத்தின் முன் பளபளத்தது. "நம் சகோதரர் மொட்டை மாடியைப் பாலும் தேனும் ஓடும் கானான் தேசமாக்கினார்" என்றார் பாஸ்டர். பொன்னாடை போர்த்தினார்கள். பாக்கியராஜ் ஏற்புரையாக இருபது நிமிடம் முதல் பருவப் பாடங்களை எடுத்துச் சொன்னார். மண்ணோடு தென்னை நார்க்கழிவு கலக்க வேண்டும், ஒரு டிரம்மில் ஏழு தக்காளி நாற்று நட்டால் ஏழும் நோஞ்சானாகும், மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெய். எல்லாம் உண்மை. எல்லாம் அவர் பட்டுக் கற்றவை. காயைத் தவிர அந்தத் தோட்டத்தில் எல்லாமே விளைந்திருந்தது.

ஜோஷ்வா கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் சபைச் செயலாளர், இரண்டு ஏக்கர் நெல், ஆறடி உயரம். பாக்கியராஜுக்கு அந்த ஒரு மௌனம் போதும். தம்பி கடித்த இடத்து வலிகூட மறந்துவிட்டது.

முதற்பலனைச் சிறப்பிக்க இந்த வருடம் விருந்து சைவம் என்று முடிவாகியிருந்தது. சாம்பார் சாதம், கத்தரிக்காய்க் கூட்டு. பிரியாணியை நம்பி வந்த ஜனங்களின் முகம் ஏற்கெனவே சரியில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

முதல் பந்தி முடிந்து இரண்டாவது பந்திக்கு இலை போடும்போது பீட்டர் வந்தான். கட்டுப் போட்ட தலை, தோளில் பச்சை டிரம். டிரம்மை இலைகளுக்கு நடுவில் தொப்பென்று போட்டான்.

"யாரும் துன்னாதீங்க! விஷம்! எங்க அண்ணன் இந்த டிரம்முலதான் கத்திரி வளத்தாரு. மண்ட ஓட்டு மேல பெயிண்ட் அடிச்சி மறைச்சிகினு வளத்தாரு!"

பந்தலில் ஒரு பெண் வாயில் விரலை விட்டுக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். அவள் பின்னால் பத்துப் பேர். குழந்தைகளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒரு பெரியவர் எதற்கும் இருக்கட்டும் என்று பாவமன்னிப்பு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஜோஷ்வா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அவர் கையில் சாம்பார் பரிமாறும் நீளக் கரண்டி இருந்தது.

"பாக்கியம்! இது நெசமா? உன் மாடில வெளஞ்சதா இது?"

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். பாக்கியராஜிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 'இல்லீங்க, மார்க்கெட்ல வாங்கினது.' அதைச் சொன்னால் அங்கே யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. அவருக்கும் அடி இல்லை. ரோசம்மாள் அவரையே பார்த்தாள். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா" என்றார். "என் மாடில வெளஞ்சதுதான்."

கரண்டி முதலில் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி வாயில். ஒரு பல் தெறித்துப் புது இலையில் ஊறுகாய் வைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் பொன்னாடையைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கினான். இன்னொருவன் முதுகில் உதைத்தான். விழுந்தவரை நான்கைந்து கால்கள் மிதித்தன. விஷ பயம் பாதி, பிரியாணி போன ஆத்திரம் பாதி.

பீட்டர் எதற்காக வந்தானோ அது அவன் கண் முன்னால் நடந்தது. இரண்டு அடி விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது அடிக்கு ஜோஷ்வா கரண்டியை ஓங்கியபோது, பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து அவர் முதுகில் உடைத்தான்.

"எங்க அண்ணன நான் அடிப்பேன்! நீ யார்றா அடிக்க?"

"டிரம்ம குடுத்தது யாரு? நீதானடா?" என்று யாரோ கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் வருமுன் பீட்டரும் கீழே கிடந்தான். காலையில் போட்ட தையலில் மூன்று பிரிந்தன. யாரோ மோதியதில் சாம்பார் அண்டா அடுப்பிலிருந்து சரிந்து, கொதிக்கக் கொதிக்கத் தரையில் ஓடியது. அலறிக்கொண்டு பெஞ்சுகள் மேல் ஏறினார்கள். "அன்புள்ள சகோதரர்களே, இது அன்பின் விருந்து!" என்று மைக்கில் கத்திய பாஸ்டரின் காலிலும் பட்டது. அடுத்து அவர் சொன்னது வேதத்தில் எங்கும் இல்லாத வார்த்தை. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது.

ஜோஷ்வா எழுந்தார். கரண்டியைக் காணோம். கைக்கு அகப்பட்டது அந்த அரை டிரம். அதை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாக்கியராஜை நோக்கி நடந்தார்.

பாக்கியராஜ் மனைவியைப் பார்த்து, ரத்த வாயோடு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

ரோசம்மாள் பெஞ்சின் மேல் ஏறி, கைப்பையிலிருந்து மார்க்கெட்டுப் பையை உருவி விரித்துப் பிடித்தாள்.

"அது மாடில காய்ச்சது இல்ல! எல்லாம் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டு! எட்டு கிலோ! நேத்து சாயங்காலம் வாங்கினது! மாடில ஒரு கத்திரிக்காகூட எங்களுக்குக் கெடைக்கல!"

டிரம் தலைக்கு மேலேயே நின்றது. குழாயடியில் விரல்கள் வாயிலிருந்து வெளியே வந்தன. தலைகீழாக இருந்த குழந்தைகள் நேராக்கப்பட்டார்கள்.

"மார்க்கெட்டா?" என்றார் ஜோஷ்வா. டிரம்மை மெதுவாக இறக்கினார். "இந்த வருஷமும் மார்க்கெட்டுதானா பாக்கியம்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். உயிர் பிழைத்தவர்களின் சிரிப்புக்குச் சத்தம் அதிகம். கரண்டிக்கும் உதைக்கும் அசராத பாக்கியராஜ் அந்தச் சிரிப்பில்தான் முகத்தை மூடிக்கொண்டார். பாஸ்டர் பொன்னாடையைத் திரும்ப வாங்கலாமா என்று ஒரு பார்வை பார்த்தார். அது முழுக்கச் சாம்பாரும் ரத்தமும். கேட்கவில்லை.

ரோசம்மாள் இறங்கி வந்து கணவரின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"சொல்லியிருக்கக்கூடாது ரோசி."

"டிரம்மு தலைல வுழுந்திருந்தா மட்டும் உனுக்கு நெலம் வந்துடுமா?"

பீட்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ரத்தமும் சிரிப்புமாக மூச்சு வாங்கினான்.

"யண்ணா, மார்க்கெட்டுன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூணு தையல் போச்சு எனுக்கு! வுடு, இங்க எவனுக்கும் ஒண்ணும் ஆவாது. உன் மாடிக் கத்திரிக்காய எவன் துன்னானோ அவன் கதிதான் அதோ கதி!"

"அணிலு" என்றார் பாக்கியராஜ், கைகளுக்குள்ளிருந்து. "ரெண்டு மாசமா அணிலுதான் துன்னுச்சு."

"செத்துது அணிலு!"

பந்தல் வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கிறிஸ்டினா இறங்கினாள். முந்தானை ஒழுங்காக இல்லை, காலில் செருப்பில்லை. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அணிலு இல்ல மாமா" என்றாள். "நாந்தான். விடியறதுக்கு முன்னாடி போய் அறுத்துகினு வருவேன். எங்க ஊட்டுக் கூரைய ஓட்ட பண்ணி வளக்கறீங்க, சொட்டு சொட்டா எங்க கட்டில்லதான் வுழுது, எங்களுக்கும் அதுல பங்கு கீதுன்னு நெனச்சேன். மார்க்கெட்ல வாங்கினதுன்னு இவருகிட்ட பொய் சொல்லித்தான் கொழம்பு வெச்சேன்."

சிரிப்பு நின்றது. பீட்டரின் வாய் திறந்தபடியே இருந்தது. பாக்கியராஜ் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு மாசமா நீயும் துன்னியாம்மா?" என்று கேட்டாள் ரோசம்மாள்.

கிறிஸ்டினாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது, அரிப்பு வரும். அவ்வளவையும் பீட்டர் ஒருவனேதான் சாப்பிட்டிருந்தான்.